தீர்த்தலும் குளிர்த்தலும்

வேளாண்மை வெட்டி முடிந்த நாட்களில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு வினைச்சொல் ஓயாமல் காதில் விழும். களவெட்டியில் நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர், "கடன் தீர்ந்திட்டு மனே" என்று பெருமூச்சு விடுவார். பிள்ளையின் வருத்தம் மாறினால் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்திருந்த தாய், "நேத்தியத் தீர்த்துப்போட்டு வாறன்" என்று மஞ்சள் சேலையோடு புறப்படுவாள். இரு குடும்பங்களுக்கிடையே பல வருடம் புகைந்த பகையொன்று வெட்டுக்குத்தில் முடிந்தால், வேலியோரம் நிற்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "அண்டைக்குச் செஞ்சதுக்கு இண்டைக்குப் பழி தீர்த்திட்டான்."

வாங்கிய காசைக் கொடுப்பதும், தெய்வத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பதும், பகைவனின் இரத்தம் பார்ப்பதும் மூன்று வேறு செயல்கள். அறத்தின் கண்ணில் அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம். மொழி அவை மூன்றையும் ஒரே வினையால் கட்டியிருக்கிறது. இந்தக் கட்டு ஏன் வந்தது, அது எதைச் சொல்கிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அகராதியில் மட்டும் தேடினால் அதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். மீதி, இந்த வாவிக்கரைக் கோயில்களின் சடங்குகளில் இருக்கிறது.

கடனையும் பழியையும் ஒன்றாகப் பார்ப்பது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. ஜெர்மன் மொழியில் பணத்துக்குக் 'கெல்ட்' என்று பெயர். பழிக்குப் பழி செய்தலைக் குறிக்கும் 'ஃபெர்கெல்டுங்' அதே வேரில் பிறந்தது. எபிரேயத்தில் விலை செலுத்துதலுக்கும் செய்ததற்குக் கைம்மாறாகத் தண்டித்தலுக்கும் வழங்கும் வினை ஒன்றே. அமைதி என்று பொருள்படும் 'ஷாலோம்' அந்த வேரைச் சேர்ந்தது. இம்மொழிகளில் பெரும்பாலும் அடிக்கருத்து, பெற்றதைத் திருப்பித் தருவது. அடித்தவனுக்கு அடி, ஈந்தவனுக்கு ஈகை. தமிழிலும் 'கைம்மாறு', 'பதிலடி' போன்ற சொற்களில் இந்தக் கருத்து இருக்கிறது. 'தீர்' அந்த வரிசையில் நிற்கவில்லை.

தொல்காப்பியம் உரியியலில் தீர்தல், தீர்த்தல் என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு விடுதல் என்பதே பொருள் என்கிறது. இதை வாசித்த நாளில் எனக்கு ஒரு திரை விலகியது போலிருந்தது. கடன் தீர்ந்தது என்றால் கடன் என்னை விட்டது. நோய் தீர்ந்தது என்றால் நோய் உடலை விட்டது. வழக்குத் தீர்ந்தது என்றால் இருவரையும் பிணைத்திருந்த முடிச்சு அவிழ்ந்தது. அப்படியானால் பழி தீர்ந்தது என்று சொல்லும்போது நாம் சொல்வது, பகைவனுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பதையன்று. அந்தப் பழி என்னை விட்டுப் போயிற்று என்பதை. பார்வை பகைவன்மேல் இல்லை, சுமந்தவன்மேல் இருக்கிறது.

உடன்பிறந்த மொழிகளும் இதற்குச் சாட்சி. தெலுங்கர் அப்பையும் தீர்க்கிறார்கள், பகையையும் தீர்க்கிறார்கள். கன்னடத்தில் சாலத்தைத் தீர்ப்பதும் சேடு தீர்த்துக்கொள்வதும் அதே வினை. சாலம் கடன், சேடு பழி. மலையாளம் வேறொரு வினையை எடுத்து இதே வேலையைச் செய்கிறது. அங்கே கடமும் 'வீட்டப்படும்', பகையும் 'வீட்டப்படும்'. அந்த 'வீட்டு' நம் 'விடு', 'வீடு' ஆகியவற்றின் உறவு. வீடு என்றால் விடுதலை, பேறு நான்கில் கடைசி. பழந்தமிழில் வீட்டுதல் என்றால் கொல்லுதலும்தான். விடுவித்தலும் கொல்லுதலும் ஒரே சொல்லின் இரு முகங்களாக இருந்த காலத்தை நினைத்தால் உடல் சற்றுச் சிலிர்க்கிறது.

இனிப் 'பழி'. இந்தச் சொல்லின் பயணம் தனிக்கதை. திருக்குறளில் பழி வரும் இடங்களைத் திரட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் நிந்தை, குற்றம், உலகத்தின் தூற்றல் என்ற பொருளிலேயே வருகிறது. நாணமுள்ளவன் அஞ்ச வேண்டியது பழிக்கு. ஆகவே பழி முதலில் குற்றம் செய்தவன் தலையில் ஏறும் சுமை. கொலை செய்தவனைப் பழி சூழும், பழி பற்றும், பழி தொடரும். பிற்காலத்தில்தான் அந்தச் சுமையை அவனிடமிருந்து 'வாங்கும்' உரிமை கொலையுண்டவனின் உறவுக்கு வந்து சேர்கிறது. பழி வாங்குதல் என்ற தொடரைச் சற்று நின்று பாருங்கள். வாங்குவது என்பது கடைக்காரனிடம் சாமான் வாங்குவது போல, கடன்பட்டவனிடம் காசு வாங்குவது போல. சிங்களத்தில் பழிவாங்குதலுக்குப் 'பளி கன்னவா' என்பார்கள். 'கன்னவா' என்றால் எடுத்தல், வாங்குதல். சொல்லும் அச்சும் இரண்டு மொழியிலும் ஒன்று. தீவின் இரு மொழிக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு நெருக்கமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலும் துயரமும் சேர்ந்த ஒரு செய்தி.

கடனும் பழியும் நேரே கைகோக்கும் இடமும் பழந்தமிழ் வழக்கில் உண்டு. பழி கிடத்தல் என்பது அது. கொடுத்த பொருளை வாங்க முடியாதவன், கடன்பட்டவனின் வாசலில் பட்டினியாகக் கிடப்பான். அவன் செத்தால் அந்தச் சாவின் பழி வீட்டுக்காரன் தலையில். தன் உயிரையே வட்டியாக வைத்து முதலைக் கேட்கும் முறை இது. இன்றைக்கும் நம் பேச்சில் "வாசல்ல பழியாக் கிடக்கிறான்" என்கிறோம். விடாப்பிடியாக நிற்கிறான் என்பதே நாம் கருதும் பொருள்; சொல்லுக்குள் கிடக்கும் பட்டினியை மறந்துவிட்டோம்.

இதன் உடன்பிறப்பு மறிப்பு. 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் கண்டு வியக்கிறார். கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைக் கொடுக்கும்வரை அல்லது பிணை சொல்லும்வரை அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. குதிரைமேல் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகன் இப்படி வட்டம் கீறி நிறுத்தினான் என்றும், வணிகனின் கணக்கு முடியும்வரை அரசன் அசையவில்லை என்றும் அவர் சொல்கிறார். இலங்கைத் தமிழில் சிறைக்கு மறியல் என்று பெயர் வந்ததும், நீதிமன்றச் செய்திகளில் விளக்கமறியல் என்று நாம் நாள்தோறும் வாசிப்பதும் இதே 'மறி' என்ற வினையிலிருந்து. தமிழ்நாட்டில் அதே சொல் தெருவை மறிக்கும் போராட்டத்துக்குப் போயிற்று.

மட்டக்களப்பில் இந்த மறிப்பு ஏட்டிலேயே வாழ்கிறது. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை'யில் 'பொன்னுக்கு மறித்த காதை' என்று ஒரு பகுதி இருக்கிறது. கொடுக்க வேண்டிய பொன்னுக்காகக் கோவலன் மறிக்கப்படுகிறான். இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் இப்படி ஒரு காதை இல்லை. அங்கே கோவலன் யாழ்ப்பாட்டில் பிணங்கி மாதவியைப் பிரிகிறான். இங்கே அவன் கடன்காரனாக நிற்கிறான். வயலை ஈடு வைத்து விதைநெல் வாங்குகிற மக்கள், கடனை அளக்கும் களவெட்டியைக் கண்முன் வைத்துக்கொண்டு கதையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். கோவலனின் வீழ்ச்சிக்கு அவர்கள் கண்ட காரணம் அவர்களே அறிந்த காரணம். பண்டிதர் வி.சீ. கந்தையா இந்த நூலைப் பல ஏடுகளைக் கொண்டு பதிப்பித்தார். 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியவரும் அவரே. அவர் செய்த பணி இல்லையென்றால் நம்மில் பலருக்கு இந்தக் காதையின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

கண்ணகி கதையைப் பழி தீர்த்த கதையாகவே நாம் படிக்கிறோம். கணக்குப் பார்த்தால், இளங்கோவின் காப்பியத்தில் பழி வழக்குரை காதையிலேயே தீர்ந்துவிடுகிறது. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான், கோப்பெருந்தேவியும் மாய்கிறாள். ஓர் உயிருக்கு ஈர் உயிர். அதற்குப் பிறகு வருவது வஞ்சின மாலை, அதன் பின் அழற்படு காதை. மதுரை எரிகிறது. தீர்ந்த கணக்குக்கு மேலே தீ ஏன் மூண்டது? மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்பைச் சொல்கிறது. முன்பு பரதன் என்ற பெயரில் பிறந்திருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனைக் கொலைப்படச் செய்தான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டு இறந்தாள். அந்த வினை இந்தப் பிறப்பில் வந்து சேர்ந்தது. ஆக, கொலையுண்டவனும் பழைய கடன்காரன். கணக்கு எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் முடிவே இல்லை.

காப்பியத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை இன்னொன்றையும் பதிவுசெய்கிறது. மதுரை எரிந்த பிறகு பாண்டிநாடு மழை இழந்தது, வெப்புநோய் வந்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. ஒரு பொற்கொல்லனின் பொய்க்கு ஆயிரம் பொற்கொல்லரின் உயிர். இந்தப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த ஆயிரம் பேரின் பெண்டிர் எந்த அரசனின் வாசலில் சிலம்போடு போய் நின்றார்கள்? அதே கட்டுரையில், கடல்சூழ் இலங்கையின் கயவாகு மன்னனும் பத்தினிக்குக் கோயில் எடுத்ததாக வருகிறது. இலங்கைக்கு வந்த பத்தினி, சிங்களவருக்குப் பத்தினித் தெய்யோ ஆனாள். கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெரும் ஆய்வு அந்த வழிபாட்டைப் பற்றியது. கிழக்கில் அவள் கண்ணகை அம்மன் ஆனாள்.

கிழக்கில் அவளுக்கு நடப்பதைத்தான் நான் இந்தக் கட்டுரையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கண்ணகை அம்மன் குடியிருக்கும் ஊர்களில் கோயில் கதவு ஆண்டின் பெரும்பகுதியும் மூடியே கிடக்கும். வைகாசியில்தான் கதவு திறத்தல். கல்யாணக்கால் நடுகிறார்கள். கண்ணகிக்கு மறுபடியும் திருமணம் நடக்கிறது. இரவுகளில் உடுக்கு ஒலிக்க வழக்குரை படிக்கப்படுகிறது. அம்மனுக்கென்று நேர்ந்த பெண்கள் உரலில் நெல் குற்றுகிறார்கள். கோவலன் ஆண்டுதோறும் கொலையுண்கிறான், மதுரை ஆண்டுதோறும் எரிகிறது. அந்த எரியோடு சடங்கு முடிவதில்லை. கடைசி இரவு குளிர்த்திக்கு உரியது. ஊர்வாயில் அது குளுத்தி.

பானையில் நீர், மஞ்சள், வேப்பிலை. வழக்குரையின் கடைசிப் பகுதியான குளிர்ச்சிப் பாடல் பாடப்படும்போது, கோபத்தில் கொதித்து நிற்கும் அம்மனைக் குளிரச் சொல்லி ஊரே கேட்கிறது. பூசை செய்யும் கப்புகனார் வேப்பங்குழையால் நீரை அள்ளித் தெளிக்கிறார். அன்றைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும். விடியப்புறம் அந்த நீரைப் போத்தல்களில் வாங்கிப்போய் வீட்டிலும் மாட்டுப்பட்டியிலும் தெளிப்பார்கள். பிறகு கதவு சாத்தப்படும், அடுத்த வைகாசி வரைக்கும்.

அம்மனின் கோபத்தில் நியாயம் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. வழக்குரையைப் பல இரவுகள் படிப்பதே அந்த நியாயத்தை ஊரறியச் சொல்வதற்காக. நீதி கிடைத்தாயிற்று, அரசன் செத்தாயிற்று. ஆனாலும் சூடு மிஞ்சுகிறது. கொற்கையில் அந்தச் சூட்டுக்கு இரத்தம் வார்த்தார்கள் என்கிறது காப்பியம். வாவிக்கரையில் அதற்கு நீர் வார்க்கிறார்கள். பழி தீர்வது வேறு, பழி கொண்ட மனம் குளிர்வது வேறு என்ற அறிவு இந்தச் சடங்கில் இருக்கிறது. தீர்த்தல் என்ற வினைக்குத் தொல்காப்பியர் சொன்ன விடுதல், இங்கே குளிர்த்திப் பானையில்தான் நிறைவேறுகிறது என்று நான் நினைக்கிறேன்.

இது கண்ணகைக்கு மட்டும் உரியதா என்று ஐயப்பட்டுப் பாண்டிருப்புக்குப் போகலாம். கல்முனைக்கு அருகே, இன்றைய அம்பாறை மாவட்ட எல்லைக்குள் இருந்தாலும் பழைய மட்டக்களப்புத் தேசத்தின் ஊர் அது. அங்கே திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் படித்து, வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் நிகழ்ந்து, தீமிதிப்பில் விழா உச்சம் கொள்ளும். ஊர் வழக்கில் தீப்பள்ளயம். திரௌபதையும் பழி நேர்ந்தவள்தான். சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பகைவன் வீழும்வரை முடிவதில்லை என்று வஞ்சினம் உரைத்தவள். பாரதம் முழுவதும் அந்தக் கூந்தலின் கணக்கு. அவளுடைய தீயில் பஞ்சபாண்டவர் வேடமிட்டவர்களும் நேர்த்தி வைத்தவர்களும் இறங்கி நடக்கிறார்கள். மறுநாள் தருமருக்கு முடிசூட்டு. அத்தோடு தீக்குழிக்குப் பால் வார்க்கும் சடங்கும் நடக்கிறது. முந்தின நாள் செந்தணலாய்க் கிடந்த குழியில் பால் விழுந்து ஆவி எழும்போது, கண்ணகையின் குளிர்த்திப் பானை நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டு வேறு காப்பியங்கள், இரண்டு வேறு தெய்வங்கள், முடிக்கும் முறை ஒன்று.

தெய்வத்தோடு வைக்கும் கடனிலும் ஒரு நுட்பம் உண்டு. நேர்த்திக்கடனைக் கையிலுள்ள காசால் எப்போதும் தீர்த்துவிட முடியாது. மடிப்பிச்சை நேர்ந்த பெண், போடியார் வீட்டு மகளாக இருந்தாலும், மடியை ஏந்தி வீடு வீடாகப் போய்த்தான் அரிசியும் காசும் சேர்க்க வேண்டும். தன் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் கடன் தீராது. ஊரின் முன்னால் தாழ்ந்து நின்றதே செலுத்திய தொகை. ஆடி அமாவாசையில் மாமாங்கேசுவரர் தீர்த்தக் கேணியில் பிதிர்க்கடன் செய்ய இறங்குகிறவர்களுக்கும் இப்படித்தான். தீர்த்தம் என்ற சொல் வடமொழி வழி வந்தது, நம் 'தீர்' என்ற வினைக்கு உறவில்லை. ஆனால் அங்கே நிற்கும் யாரிடம் கேட்டாலும், பாவமும் கடனும் தீர்வதால் தீர்த்தம் என்பார்கள். சொற்பிறப்பில் அது பிழை. ஆனால் அந்தப் பிழைக்குள்ளே மக்களின் நம்பிக்கை இருக்கிறது, அதை நான் திருத்தப் போவதில்லை.

பழியைத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் வழக்கமும் பரவலானது. சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில், ஏமாற்றப்பட்டவர்கள் காசை வெட்டிப் போடுகிறார்கள். கடனுக்குரிய காசே அங்கே சாபத்துக்கு ஆயுதமாகிறது. ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். நியாயம் கிடைத்தபின் மறுபடியும் வந்து எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்கிறார்கள். கொங்கு நாட்டிலும் அதே இரண்டாம் படி. ஒபயசேகர 1975 இல் எழுதிய ஒரு கட்டுரையில், சீனிகம தேவாலயம், முன்னேசுவரம், கஹட்டபிட்டிய பள்ளிவாசல் ஆகிய இடங்களுக்குப் பகைவனைத் தண்டிக்கச் சொல்லிப் போகிறவர்களை ஆராய்ந்தார். இல்லையென்றால் கத்தியைத் தூக்கியிருக்கக் கூடிய கோபம் அங்கே தெய்வத்தின் கையில் ஒப்படைக்கப்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் மூவருக்கும் உரிய தலங்கள் அவை.

மட்டக்களப்பின் தமிழ் இந்துக்களின் தமிழ் மட்டுமல்ல. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அதே மொழியில் வேறொரு கணக்கு வழக்கு இருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் கொலைக்கு ஈடாகக் கிசாஸ் உண்டு, அதற்குப் பதிலாக இரத்த விலையான தியத் உண்டு, இரண்டையும் விட்டு மன்னிக்கும் உரிமையும் கொலையுண்டவனின் உறவுக்கே உண்டு. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் உறவு, அயல் எல்லாரிடமும் போய், "பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்பார்கள். நான் தர வேண்டியது ஏதாவது இருந்தால், நான் புண்படுத்தியது ஏதாவது இருந்தால், அதை விட்டுவிடுங்கள் என்பது அதன் பொருள். காசுக் கடனும் மனக் கடனும் ஒரே சொல்லில் தீர்கின்றன. அந்தத் தீர்வைக் கொடுக்க வேண்டியவர், கொடுத்தவர்தான். இவ்வளவு மென்மையான ஒரு கேள்வி தமிழில் வேறு எங்கும் கேட்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை சொற்களையும் சடங்குகளையும் வைத்திருந்த மண்ணில்தான், போரின் நடுவே, 1990 வந்தது. ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பது நாள்கூட ஆகவில்லை, ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்களைப் படையினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் சுற்றுவட்டக் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, கொன்று எரிக்கப்பட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்கதை சொல்லப்பட்டது. சொன்னவர்கள் எல்லாரும் பாவித்த தொடர் ஒன்று: பழிக்குப் பழி.

இலக்கணத்தை வைத்து இந்தத் தொடரைப் பார்க்க வேண்டும். பழி தீர்த்தலில் ஒரு வினை உண்டு, அது முடியும். பழி வாங்குதலிலும் வினை உண்டு. பழிக்குப் பழியில் வினையே இல்லை. இரண்டு பெயர்ச்சொற்கள், நடுவே ஒரு நான்காம் வேற்றுமை உருபு. முதற் பழிக்கு இரண்டாம் பழி, இரண்டாம் பழிக்கு மூன்றாம் பழி என்று அதை எவ்வளவு தூரமும் நீட்டலாம். எங்கேயும் அது வினை கொண்டு நிற்காது. காத்தான்குடியில் தொழுதவனுக்கும், சத்துருக்கொண்டானில் தாய்மடியில் இருந்த பிள்ளைக்கும் எந்தக் கணக்கிலும் பற்று எழுதப்பட்டிருக்கவில்லை. பொற்கொல்லர் ஆயிரவரைப் போலவே, அவர்கள் இன்னொருவரின் பெயருக்காக இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு. 1991 இல் வைகாசிப் பௌர்ணமி மே 28. சிங்களவருக்கு அது வெசாக், கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திக் காலம். பதினைந்து நாள் கழித்து, ஜூன் 12 ஆம் திகதி, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் கண்ணிவெடியில் இரண்டு படையினர் இறந்தார்கள். அன்றைக்கே படையினர் ஊருக்குள் இறங்கினார்கள். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகக் கண்டது. ஊரவர் சொல்லும் தொகை அதைவிட மிகவும் பெரியது. அது மோதலில் இடைப்பட்ட சாவன்று, படையினர் திட்டமிட்டுச் செய்த பழிவாங்கல் என்று ஆணைக்குழுவே எழுதியது. இராணுவ நீதிமன்றத்தில் கட்டளை அதிகாரி சேவையிலிருந்து நீக்கப்பட்டார். கொலைக்கென்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. குடும்பங்களுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது.

நட்டஈடு என்ற சொல்லில் நம் வேதனை முழுவதும் இருக்கிறது. ஈடு என்றால் சமம், ஈடு என்றால் அடகும்கூட. தாலிக்கொடியை ஈடு வைத்தவள், காசு சேர்ந்ததும் போய் ஈடு மீட்பாள். வைத்த அதே பொருள் கைக்குத் திரும்பும். உயிருக்கு வந்த ஈட்டில் மீட்பு கிடையாது. வழங்குகிறவர் அதைச் சமன் என்று நினைக்கிறார், வாங்குகிறவள் அதை அடகுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கிழக்கில் சில தாய்மார் அந்தப் பணத்தை வாங்க மறுத்ததன் காரணத்தை மொழி தெரிந்தவர்கள் உடனே விளங்கிக்கொள்ளலாம். வாங்கினால் தீர்ந்ததாகிவிடும். 2016 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும், 2018 இல் இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கும் சட்டங்கள் வந்தன. ஆனால் தீர்வுக்கு முன்னால் வழக்குரை நடக்க வேண்டும். கண்ணகியை அரசன் முன்னிலையில் வழக்குரைக்க விட்டார்கள். உடைந்த சிலம்பிலிருந்து உண்மை தரையில் தெறித்தது. அரசன் நானே கள்வன் என்று ஒத்துக்கொண்டான். குளிர்த்தி அதற்குப் பிறகுதான் நடந்தது. வழக்குரை நடக்காத இடத்தில் குளிர்த்தி பாட யாருக்கும் உரிமையில்லை.

போர்க்காலத்து மட்டக்களப்பில் அந்த வழக்குரைக்கு ஓர் இடம் இருந்தது, அரசின் எந்த மன்றமும் அல்ல. பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் இங்கே தங்கி அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரைப் பற்றி ஆராய்ந்தார். யாரிடமும் வாய் திறக்க முடியாத அந்த நாட்களில், கொண்டுபோகப்பட்ட மகன் எங்கே என்று தாய்மார் அம்மனிடம் கேட்டார்கள். உருவேறிய உடலின் வாயால் அம்மன் பதில் சொன்னாள். சில வேளை உயிரோடு இருக்கிறான் என்றாள், சில வேளை அழுதாள்.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா அந்தக் காலத்தில் தீமிதிப்பு நேர்ந்தவர். மகன் திரும்பி வந்தால் தீயில் இறங்குவதாக நேர்த்தி. ஆண்டுதோறும் பாண்டிருப்புக்குப் போவார், ஓரமாக நின்று மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவார். ஏன் பெரியம்மா, நீங்களும் இறங்கி நேர்த்தியைத் தீர்த்துவிடலாமே, மனம் ஆறுமே என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் வந்தாத்தானே மனே கடன்," என்றார்.

மறுநாள் தீக்குழிக்குப் பால் வார்க்கும்வரை நின்று, அதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டார்.